அயலவரின் மரமும் நமது கூரையும்

வடகீழ்ப் பருவக் காற்று வீசத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நமது ஊர்களில் உறக்கம் கலைக்கும் ஓர் ஒலி உண்டு. இருட்டில் எங்கோ ஒரு மரம் முறியும். அடுத்த கணம் ஓடுகள் நொறுங்கும். விடிந்து பார்த்தால், அடுத்த வளவில் நின்ற மாமரமோ வேம்போ வேலியைச் சாய்த்துக்கொண்டு சமையலறையின் மேல் கிடக்கும். எவருக்கும் காயமில்லை என்று அறிந்ததும் இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். ஆனால், அன்று மாலைக்குள்ளேயே வேறொரு கேள்வி வீட்டுக்குள் எழுந்துவிடுகிறது: இந்தச் செலவை யார் பொறுப்பது?

கேள்வி சிறியதுபோலத் தோன்றலாம். விளைவு சிறியதன்று. நமது ஊர்களில் அயலவர் என்பவர் பெரும்பாலும் உறவினராகவோ, ஒரே பங்கைச் சேர்ந்தவராகவோ, சில வேளைகளில் நமது பிள்ளையின் ஞானத்தந்தையாகவோ இருப்பார். இருபது ஓடுகளும் இரண்டு சலாகைகளும் உடைந்த இடத்தில் ஒரு தலைமுறை உறவு உடைந்துபோவதுண்டு. ஒரே ஆலயத்திற்கு இரு வேறு வாசல்களால் வந்து, திருப்பலியில் சமாதானத்தைப் பகிரும் வேளையில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ளும் குடும்பங்களின் கதையைக் கேட்டால், தொடக்கத்தில் ஒரு வேலியோ, ஒரு கிணறோ, ஒரு மரமோ இருப்பதைக் காணலாம்.

இத்தகைய வேளைகளில் நம்மிடையே இரு வகையான போக்குகள் காணப்படுகின்றன. சிலர், நட்டஈடு கேட்பது கிறிஸ்தவ அன்புக்கு இழுக்கு என்று எண்ணி வாய் திறவாது இருக்கின்றனர். உள்ளே மட்டும் கசப்பு ஊறிக்கொண்டிருக்கும். வேறு சிலர், வேலிக்கு மேலாகவே உரத்த குரலில் நியாயம் கேட்டு, இழந்ததைவிட இரு மடங்கைக் கோருகின்றனர். இவ்விரு போக்குகளுக்கும் இடையே நேரிய வழி ஒன்று இருக்கின்றது. அதனைத் திருவிவிலியமும் காட்டுகின்றது. நமது நாட்டுச் சட்டமும் காட்டுகின்றது.

விடுதலைப் பயண நூல் கேட்கும் கேள்வி

விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரத்தில் பத்துக் கட்டளைகளை வாசித்த பின், பலர் நூலை மூடிவிடுகின்றனர். அடுத்த இரு அதிகாரங்களும் மாடு, குழி, தீ, வயல் என்று அயலவரிடையே எழும் பிணக்குகளைப் பேசுகின்றன. குழியை வெட்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்து மடிந்த மாட்டுக்கு ஈடு செய்ய வேண்டும். ஈடு செய்தபின் மடிந்த விலங்கு அவனுக்கே உரியது. தீ மூட்டியவன், அது பரவி அயலானின் விளைச்சலை எரித்தால் ஈடு செய்ய வேண்டும். சீனாய் மலையில் பெற்ற உடன்படிக்கையின் பகுதியாகவே இவ்விதிகள் அமைந்துள்ளன. அயலானின் இழப்பு இறைவனின் அக்கறைக்கு உரியது என்பது இதனால் விளங்குகின்றது.

நமது பொருளுக்கு மிக நெருங்கியது அதே நூலின் 21ஆம் அதிகாரத்தின் இறுதியில் வரும் விதியாகும். ஒருவனுடைய மாடு இன்னொருவனுடைய மாட்டை முட்டிக் கொன்றுவிட்டது. யார் பொறுப்பு? அந்த மாடு முட்டும் இயல்புடையது என்பது முன்பே தெரியாதிருந்தால், உயிரோடிருக்கும் மாட்டை விற்று அதன் விலையை இருவரும் பங்கிட வேண்டும். இறந்த மாட்டையும் பங்கிட வேண்டும். ஆனால் அது முட்டும் மாடு என்பது முன்பே தெரிந்திருந்தும் உரியவன் அதனைக் கட்டி வைக்கவில்லையெனில், மாட்டுக்கு மாடு முழுமையாக ஈடு செய்ய வேண்டும்.

எவ்வளவு நுட்பமான தீர்ப்பு! இரண்டு நிகழ்வுகளிலும் இழப்பு ஒன்றே. வேறுபாடு ஒரே கேள்வியில் அடங்கியுள்ளது: அவனுக்கு முன்பே தெரிந்திருந்ததா? தெரியாதிருந்தால் இழப்பை இருவரும் சுமக்கிறார்கள். தெரிந்திருந்தால் உரியவன் ஒருவனே சுமக்கிறான். மாட்டின் இடத்தில் மரத்தை வைத்துப் பாருங்கள். அடி புற்றெடுத்த வேம்பு, உள்ளே கோறையான மாமரம், சென்ற மாரியிலேயே ஒரு கிளையை முறித்துப் போட்ட முருங்கை, ஆண்டுதோறும் கூரைப்பக்கம் சாய்ந்து வரும் தென்னை ஆகிய இவை யாவும் ‘முட்டும் இயல்புடைய’ மரங்களே.

நமது நாட்டுச் சட்டம் சொல்வது என்ன?

இணைச் சட்ட நூல், புதிய வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று விதிக்கின்றது. எவரேனும் தவறி விழுந்தால் அந்தப் பழி வீட்டைச் சாரும் என்பதே காரணம். ஆபத்தை முன்கூட்டியே காணவேண்டியது உரிமையாளனின் கடமை என்னும் இக்கருத்து, பிற்கால நாடுகளின் சட்டங்களிலும் வெவ்வேறு வடிவங்களில் இடம்பெற்றுள்ளது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் உரோமர் வகுத்த பன்னிரு பலகைச் சட்டத்திலேயே, அயலானின் நிலத்தை நோக்கி வளரும் மரத்தைப் பற்றிய விதி இருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமை 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்து வடிவம் பெற்றபோது, எல்லை தாண்டிச் சாயும் மரங்களின் பயன் பற்றிய வழமைகளும் அதில் பதியப்பட்டன. மரமும் எல்லையும் நம் முன்னோருக்கும் தலைவலியாகவே இருந்திருக்கின்றன.

இன்று இலங்கையில் இத்தகைய இழப்புகளுக்கு உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தின் கோட்பாடுகளே அடிப்படை. அவற்றின்படி மரம் விழுந்தது என்பது மட்டும் நட்டஈட்டுக்குப் போதாது. உரியவரின் கவனயீனம் காட்டப்பட வேண்டும். நியாயமான கவனமுள்ள ஒருவர் அந்த ஆபத்தை முன்கண்டு தடுத்திருப்பாரா என்பதே கேள்வி. நல்ல நிலையில் நின்ற மரத்தைப் பெரும் புயல் வேரோடு சாய்த்தால், பொதுவாக அதன் உரிமையாளர் மீது பழி இல்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியிலும், 2025 நவம்பர் இறுதியில் நாட்டை உலுக்கிய டித்வா சூறாவளியிலும் சாய்ந்த மரங்கள் அனைத்துக்கும் உரியவர்களைக் குற்றவாளிகளாக்க முடியுமா? முடியாது. ஆனால், பட்டுப்போன மரம் என்று அயலவர் மும்முறை சொல்லியும் அசையாதிருந்தவர், சாதாரண மாரிக்காற்றில் அது விழுந்தபின், எல்லாம் இறைவன் செயல் என்று கூறி ஒதுங்க முடியாது. தமது சோம்பலை இறைவன்மீது சுமத்துவது முறையன்று.

ஆகவே, ஆபத்தைக் காண்கிறவர் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். “அண்ணா, உங்கள் வேம்பின் அடி கோறையாகத் தெரிகிறது, மாரிக்கு முன் ஒருமுறை ஆளைக் கூட்டிவந்து பாருங்கள்” என்று அன்போடு சொல்வது முதற்படி. சொல்லியும் பயனில்லையெனில், மரியாதையான ஒரு கடிதத்தை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளலாம். கிராம அலுவலருக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவிக்கலாம். உரிமையாளர் வெளிநாட்டில் வாழ்ந்தால், காணியைப் பராமரிப்பவருக்குச் சொல்வதோடு நில்லாது உரியவருக்கே செய்தி சேர்ப்பது நன்று. ஆளில்லாத வளவுகளில் மரங்கள் அடர்ந்து நிற்கும் நமது ஊர்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கடல் கடந்து வாழ்வோரும் தம் காணியில் நிற்கும் மரத்துக்குப் பொறுப்பாளிகளே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நமது வளவுக்குள் நீளும் கிளையை வெட்டுமாறு முதலில் உரியவரிடமே கேட்க வேண்டும். அவர் மறுத்தாலும், எல்லைக்கு அப்பாலுள்ள அடிமரத்தில் கைவைக்க நமக்கு உரிமை இல்லை. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மரங்களைத் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும். இதற்குப் பிரதேச செயலகத்தை நாடலாம். இரவோடு இரவாக வேரில் நஞ்சு ஊற்றி மரத்தைப் பட்டுப்போகச் செய்வது சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் எதிரான செயல். முற்றுகையிட்ட பகைவரின் நகரில்கூடக் கனிதரும் மரங்களை வெட்டவேண்டாம் என்று இணைச் சட்ட நூல் இஸ்ரயேல் மக்களைத் தடுக்கின்றது. அயலவர் மீதுள்ள சினத்தை மரத்தின் மீது காட்டலாமா?

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

மரம் விழுந்துவிட்டது, இழப்பும் நேர்ந்துவிட்டது. இனி என்ன செய்வது? மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இயேசு மூன்று படிகளைக் கற்பிக்கின்றார். தவறிழைத்த சகோதரனிடம் முதலில் தனித்துச் சென்று பேச வேண்டும். அவர் செவிசாய்க்காவிடில் ஒருவரையோ இருவரையோ உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் இணங்காவிடில் திருச்சபையிடம் சொல்ல வேண்டும். நாமோ பல வேளைகளில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். முதலில் ஊர் முழுவதற்கும் சொல்கிறோம். பின்னர் உறவினரைத் திரட்டுகிறோம். உரியவரிடம் மட்டும் இறுதிவரை பேசுவதில்லை.

முதற்படி, நேரிற் செல்வது. சினம் தணிந்தபின், இயன்றால் அடுத்த நாளே செல்லுங்கள். மரத்தை அகற்றுமுன் அது கிடந்த நிலையையும், அடிமரத்தின் உட்பகுதியையும், உடைந்த கூரையையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். மேசனிடமோ தச்சரிடமோ திருத்தச் செலவின் மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். மழை நீர் உள்ளே வராதிருக்க உடனடியாகச் செய்த செலவுகளின் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். விழுந்த மரம் அதன் உரிமையாளருக்கே சொந்தம் என்பதையும் மறவாதீர்கள். ஓட்டுக்கு ஈடாக மரத்தை எடுத்துக்கொண்டேன் என்று நாமே தீர்ப்பிட்டு ஆலைக்கு அனுப்பிவிடலாகாது. இருவரும் பேசி அவ்வாறு இணங்கினால் அது வேறு. குழியைப் பற்றிய விதியிலும், ஈடு செய்தவனுக்கே விலங்கு உரியதாகின்றது அல்லவா?

கேட்கும் தொகையிலும் நேர்மை வேண்டும். நாற்பது ஆண்டு பழைய கூரையின் ஒரு மூலை உடைந்ததற்காக, வீடு முழுவதற்கும் புதிய கூரை கேட்பது நட்டஈடு ஆகாது. முன்பே வெடித்திருந்த சுவரையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது, களவு செய்யாதே என்னும் கட்டளையை மீறுவதாகும். இழப்புற்றவர் என்பதால் பொய் சொல்லும் உரிமை எவருக்கும் கிடைத்துவிடுவதில்லை.

இரண்டாம் படி, ஒருவரையோ இருவரையோ உடன் அழைத்தல். இருவருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவர், இருவரின் மதிப்பையும் பெற்ற ஆசிரியர் ஒருவர், அல்லது பங்குத்தந்தை இதற்கு உதவலாம். இந்த நிலையில் இணக்கம் ஏற்பட்டால், தொகை எவ்வளவு, எத்தனை தவணை, மரத்தை அகற்றுவது யார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது நல்லது. நம்பிக்கைக் குறைவினால் இவ்வாறு எழுதுவதில்லை. பிற்காலத்தில் நினைவு தடுமாறி நட்புக் கெடாதிருக்கவே எழுதுகிறோம்.

அதற்கும் பயனில்லையெனில், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான மத்தியஸ்த சபைகள் நமது நாட்டில் உள்ளன. சட்டம் விதிக்கும் பணவரம்புக்கு உட்பட்ட இத்தகைய பிணக்குகள் முதலில் அங்கேயே செல்ல வேண்டும். இணக்கம் ஏற்படவில்லை என்னும் சான்றிதழைப் பெற்ற பின்னரே நீதிமன்றத்தை நாடலாம். இச்சபையின் அமைப்பு சிந்தனைக்குரியது. இரு தரப்பினரும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்கின்றனர். சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை, பிணக்குற்றவர்களே நேருக்கு நேர் அமர்ந்து பேசுகின்றனர். எவரும் தீர்ப்பைத் திணிப்பதில்லை. பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலை ஒன்றில் கூடும் இச்சபைக்குச் செல்வதை அவமானமாகக் கருதத் தேவையில்லை.

நீதிமன்றம் இறுதிப் படியாகவே இருக்கட்டும். எனினும் காலத்தை நினைவிற் கொள்ள வேண்டும். இத்தகைய இழப்புக்கான வழக்கை, இழப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பது சட்டம். பெரும் இழப்பாயின், காலம் கடத்தாது சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை பெறுவது விவேகமாகும்.

அநீதியைப் பொறுத்துக்கொள்ளலாகாதா?

இங்கே ஒருவர் கேட்கலாம்: திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில், வழக்காடுவதைவிட அநீதியைப் பொறுத்துக்கொள்வது மேல் என்று அறிவுறுத்தவில்லையா? உண்மைதான். ஆனால், அந்தப் பகுதியை முழுமையாக வாசிக்க வேண்டும். சகோதரருக்கிடையே தீர்த்துவைக்கக்கூடிய ஞானமுள்ள ஒருவர்கூட உங்களிடையே இல்லையா என்று அவர் முதலில் வினவுகின்றார். பொறுத்துக்கொள்ளுமாறு கூறிய உடனேயே, சகோதரருக்கு அநீதி இழைப்போரை நோக்கித் திரும்பி அவர்களைக் கடுமையாகச் சாடுகின்றார். பொறுமையைப் பற்றிய அறிவுரை, இழப்புற்றவர் தாமாகவே தெரிவு செய்வதற்கு உரியது. இழப்பை விளைவித்தவர் அதனை எடுத்துக்காட்டித் தமது கடனிலிருந்து தப்ப முடியாது.

வசதியுள்ள ஒருவர், தமது மதிலில் விழுந்த கிளைக்காக ஏழை அயலவரிடம் எதனையும் கேட்காது விடுவது அழகான அன்புச் செயல். ஆனால், கூலி வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு கைம்பெண்ணின் கூரை நொறுங்கிக் கிடக்கையில், “விட்டுக்கொடு மகளே, அதுதான் கிறிஸ்தவம்” என்று உபதேசிப்பது அன்பாகுமா? பிள்ளைகள் நனையாதிருக்கச் செய்வது அவளது கடமை. தனக்குரியதைக் கேட்கும்போது அவள் பேராசை கொண்டவள் ஆகமாட்டாள். விட்டுக்கொடுக்கும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. அவளது சார்பில் ஊரார் விட்டுக்கொடுக்க முடியாது.

மன்னிப்பும் நட்டஈடும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. உள்ளத்தில் பகையின்றி மன்னித்துவிட்டு, உடைந்த ஓட்டின் விலையை அமைதியாகக் கேட்கலாம். ஒரு சதமும் பெறாமலே உள்ளத்தில் வாழ்நாள் முழுவதும் பகையைச் சுமப்பவர்களும் உண்டு. இவ்விருவருள் எவர் மன்னித்தவர் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

மரத்துக்கு உரியவருக்கு ஒரு வார்த்தை

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது நமது பழமொழி. நிழலும் கனியும் நமக்கு என்றால், அதன் பாரமும் நமக்கே. நமது கவனயீனத்தால் பிறருக்கு இழப்பு நேர்ந்திருந்தால், “எனக்காகச் செபியுங்கள்” என்று கூறிவிட்டு விலகுவது போதாது. பாவமன்னிப்பு, பாவத்தால் விளைந்த சீர்கேடுகள் அனைத்தையும் தானாகவே சரிசெய்துவிடுவதில்லை என்றும், அயலவருக்கு விளைத்த தீங்கை ஈடுசெய்ய இயன்றதைச் செய்ய வேண்டும் என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1459ஆம் எண்ணில் போதிக்கின்றது. சக்கேயுவின் வீட்டில் மகிழ்ச்சி பிறந்தபோது அவரது நாவில் வந்தது கணக்கும் எண்ணிக்கையுமே: ஏழைகளுக்குப் பாதி, ஏமாற்றப்பட்டவர்க்கு நான்கு மடங்கு.

முழுத் தொகையும் கையில் இல்லையென்றால் என்ன செய்வது? உடனே ஈடு செய்ய இயலாதவர், உரியவரிடம் சென்று தவணை கேட்க வேண்டும் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பித்துள்ளார். கேளாமலும் கொடாமலும் மறைந்து திரிவதே தவறு. பணம் இல்லாதவர் உழைப்பைக் கொடுக்கலாம். ஓடு மாற்றும் நாளில் ஏணியைப் பிடிக்கலாம். விழுந்த மரத்தின் பலகையைக் கொடுக்கலாம். பிலமோனிடம் ஒனேசிமைத் திருப்பி அனுப்பிய பவுல், அவன் பட்ட கடன் எதுவாயினும் தம் கணக்கில் எழுதிக்கொள்ளுமாறு வேண்டினார். நமது பங்குகளில் உள்ள அன்பியங்களும் வின்சென்ட் டி போல் சபையினரும், ஏழை ஒருவரின் மரம் இன்னோர் ஏழையின் வீட்டில் விழும்போது இவ்வாறே இடையில் நிற்கலாம்.

எவர் மீதும் குற்றம் காணமுடியாத வேளைகளும் உண்டு. நல்ல மரம், பெரும் புயல், எதிர்பாராத வீழ்ச்சி. சட்டம் அங்கே மௌனமாகலாம். அப்போதும் விடுதலைப் பயண நூலின் அந்தப் பழைய விதி நமக்குக் கை கொடுக்கின்றது: தெரியாமல் நேர்ந்த இழப்பை இருவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மரத்தை அகற்றும் கூலியை ஒருவரும், ஓட்டின் விலையை மற்றவரும் ஏற்கலாம். சட்டப்படி எந்தக் கடனும் இல்லாத ஒருவர், “உங்கள் இழப்பில் எனக்கும் பங்குண்டு” என்று வேலிக்கு இப்பால் வரும்போது, அந்த அயல் முன்னரிலும் உறுதி பெறுகின்றது.

அன்பிற்குரியவர்களே, காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் சென்று நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளுமாறு ஆண்டவர் பணிக்கின்றார். சில குடும்பங்களுக்கு அந்தப் பயணம் ஒரு வேலியைக் கடக்கும் தூரம் மட்டுமே. இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள். உங்கள் மரங்களுள் எது அயலவரின் கூரையை நோக்கிச் சாய்ந்திருக்கின்றது என்று பாருங்கள். அதனை அயலவர் வந்து சொல்லும்வரை காத்திராது, மாரிக்கு முன்பே ஆளை அழைத்துத் தறிப்பியுங்கள். பழைய மனத்தாங்கல் ஒன்று இருக்குமாயின், அதைப் பற்றிப் பேசுவதற்கும் அதுவே நல்ல வேளை.